செகோனிக் எல்-398: பழைய லைட் மீட்டரும் சென்னை வெயிலும்

என்னிடம் இருக்கும் யாஷிகா 635 கேமராவில் ஒளியை அளக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. 1958-இல் வெளிவந்த இந்த இரட்டை லென்ஸ் கேமராவில் அப்பர்ச்சரையும் (லென்ஸின் துளை அளவு) ஷட்டர் வேகத்தையும் (அது திறந்திருக்கும் நேரம்) படமெடுப்பவரே முடிவுசெய்து கையால் திருப்பி வைக்க வேண்டும். 120 ரோல் ஒன்றில் 12 படங்கள்தாம் கிடைக்கும் என்பதாலும், ஃபிலிம் விலையோடு அதைக் கழுவி ஸ்கேன் செய்யும் கூலியும் ஏறிக்கொண்டே போவதாலும், ஒவ்வொரு படத்தையும் யோசித்தே எடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல வெயிலில் ‘சன்னி 16’ விதி, அதாவது அப்பர்ச்சரை எஃப் 16-இல் நிறுத்தி ஃபிலிமின் ஒளியுணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம், பெரும்பாலும் கைகொடுக்கும். மயிலாப்பூர் மாட வீதியின் வெயிலிலிருந்து ஒரு பழைய வீட்டின் திண்ணைக்குள் நுழைந்தால் அந்த விதி உதவாது. திண்ணையில் எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதும் கடினம், ஏனெனில் கண் சில நொடிகளில் தன்னைச் சரிசெய்துகொண்டு, அங்கும் தாராளமாக வெளிச்சம் இருப்பதாகவே நம்பவைத்துவிடும்.

கைபேசிச் செயலிகள் இருக்கின்றனவே என்று நண்பர்கள் கேட்டார்கள். அவற்றையும் பயன்படுத்தியிருக்கிறேன், அவசரத்துக்கு அவை போதும். ஆனால் கேமரா வழியாக அளக்கும் செயலிகள் எல்லாம் பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது பொருளின் மேல் வந்து விழும் ஒளியை அளக்கும் கருவி. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் கையடக்க மீட்டரைத் தேட வைத்தது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வரும் ஒளியை அளக்கும் மீட்டருக்குத் தன் முன்னால் இருப்பது வெள்ளைச் சுவரா கறுப்பு எருமையா என்பது தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக, வழக்கமாகச் சொல்வதானால் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருளாக எடுத்துக்கொண்டு கணக்கிடும். சுண்ணாம்பு அடித்த சுவர் அதைப் போல நான்கு, ஐந்து மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அந்தச் சுவரை அளந்து எடுத்த படம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காகவோ பாதியாகவோ மாறும் அளவு) இருண்டு சாம்பலாகிவிடும். எருமையை அளந்தால் அது வெளிறிப்போகும். நம் ஊரில் எடுக்கும் படங்களில் இது அன்றாடச் சிக்கல். கருத்த மேனியும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர் வெளுத்த சுவரின் முன் நின்றால், வேட்டியும் சுவரும் மீட்டரை ஏமாற்றி, அவருடைய முகத்தை அடையாளம் தெரியாத அளவுக்குக் கருக்கவைத்துவிடுகின்றன. முகத்தை மட்டும் நெருங்கி அளந்தாலோ, மீட்டர் அந்த முகத்தையும் சாம்பலின் அளவுக்கு ஏற்றப் பார்க்கும், மேனியின் நிறமும் மினுமினுப்பும் போய்விடும். விழும் ஒளியை அளந்தால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் மாநிறம் மாநிறமாகவும் தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன. நம் மனிதர்களை அவர்களுடைய நிறத்திலேயே படமாக்க வேண்டும் என்று அக்கறைப்படும் எவருக்கும் இதைவிட நேர்மையான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பழைய மீட்டர்களில் மூன்று தலைமுறைகள் சந்தையில் கலந்து கிடக்கின்றன. ஒளியை உணரும் பகுதி எதனால் ஆனது என்பதை வைத்து அவற்றைப் பிரித்தறியலாம். முதலாவது செலினியம். 1932-இல் வெஸ்டன் நிறுவனம் வெளியிட்ட ஒளிமின் மீட்டரின் காலத்திலிருந்து தொடர்வது இந்த வகை. ஒளி பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கி முள்ளை நகர்த்தும், பேட்டரியே தேவையில்லை. இரண்டாவது காட்மியம் சல்ஃபைடு. கோசன் லூனாசிக்ஸ் 3 இந்த வகையில் புகழ்பெற்றது, நிலவொளியையும் அளக்கும் என்பதைப் பெயரிலேயே சொல்லிக்கொள்வது. அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிகள் இரண்டை எதிர்பார்க்கிறது, அவற்றின் உற்பத்தியோ நின்றுவிட்டது. காதுகேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரிகள் ஏறத்தாழ அதே மின்னழுத்தம் தருவதால் சிலர் அவற்றைப் போட்டு ஓட்டுகிறார்கள், ஆனால் மேல் ஒட்டுத்தாளை உரித்தபின் அவை நெடுநாள் தாங்குவதில்லை. தவிர, பளிச்சென்ற வெயிலைப் பார்த்த காட்மியம் சல்ஃபைடு செல், உடனே நிழலுக்குள் கொண்டுபோனால் பழைய வெளிச்சத்தின் நினைவிலிருந்து மீளச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் தெருக்களில் நடப்பவனுக்கு இது ஒத்துவராது. மூன்றாவது சிலிக்கான். மினோல்டா ஆட்டோ மீட்டர் வரிசையின் பிற்கால மாடல்களும் செகோனிக்கின் எண்ணியல் மீட்டர்களும் இவ்வகை. விரைவானவை, துல்லியமானவை, ஃபிளாஷையும் அளப்பவை, பழையதாக வாங்கினாலும் விலை கூடுதலானவை.

நான் ஃபிளாஷ் பயன்படுத்துவதில்லை. பேட்டரி வேண்டாத கருவி என்பதும், சென்னையிலேயே கையில் வாங்கிப் பார்த்துச் சோதிக்க முடியும் என்பதும் சேர்ந்து என்னைச் செலினியம் வகையைச் சேர்ந்த செகோனிக் எல்-398 பக்கம் திருப்பின. திரைப்படத் தொழில் இங்கே இருப்பதால் இந்த மாடல் நம் ஊரில் அபூர்வமானதில்லை. ஃபிலிமில் படம்பிடித்த காலத்தில் கோடம்பாக்கத்துத் தளங்களில் ஒளிப்பதிவாளரின் கழுத்தில் ஏதேனும் ஒரு மீட்டர் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு காட்சி முழுவதற்கும் அப்பர்ச்சரை ஒரே எண்ணில் நிறுத்திக்கொண்டு, விளக்குகளை நகர்த்தியும் அவற்றின் முன் வலைத்துணி போட்டும் ஒளியை அந்த எண்ணுக்குக் கொண்டுவருவது அவர்களுடைய முறை. அதற்கு விழும் ஒளியை ஃபுட் கேண்டில் என்ற அலகில் காட்டும் கருவி வேண்டும். டிஜிட்டல் கேமராக்களும் மானிட்டர்களும் வந்தபின் அந்த மீட்டர்களில் பல அலமாரிக்குப் போய்விட்டன.

பர்மா பஜாரிலும் அண்ணா சாலையை ஒட்டிய பழைய கேமராக் கடைகளிலும் விசாரித்தேன். ஒரு கடையில் காட்டிய மீட்டரில் முள் அசைந்தது, கடைக்காரருக்கு அதுவே போதுமான சான்றாக இருந்தது. வெயிலில் நீட்டினால் முள் அசைவது செல் முற்றிலும் செத்துவிடவில்லை என்பதை மட்டுமே காட்டும். கடைசியில் நண்பர் ஒருவர் மூலமாக, சாலிகிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற உதவி ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். தோல் உறை, ஒளியை வாங்கும் வெள்ளை அரைக்கோளக் குமிழ், அதற்குப் பதிலாகப் பொருத்தும் தட்டை வட்டு, ஒளித்தடுப்புத் தகடு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். “தம்பி, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நல்லா சோதிச்சுப் பாருங்க. மனசுக்குப் பிடிச்சா வந்து பணம் கொடுங்க, இல்லைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க,” என்றார். “இல்ல சார், முன்பணமாவது வச்சுக்குங்க,” என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஏழாயிரம் ரூபாய் விலை. பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த உபகரணங்கள் முழுமையாக இருந்தது மிக முக்கியம். எல்-398-இன் முள் அளவுகோல் 320 ஃபுட் கேண்டிலோடு முடிந்துவிடும். முழு வெயில் ஏறத்தாழ 10,000 ஃபுட் கேண்டில் இருக்கும் என்பதால், வெளியில் அளக்கும்போது சிறு துளைகள் கொண்ட உலோகத் தகடு ஒன்றைக் குமிழின் பின்னால் உள்ள பிளவில் செருகி, ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும். தீக்குச்சிப் பெட்டியைவிடச் சிறிய இந்தத் தகட்டை முந்தைய உரிமையாளர் தொலைத்திருந்தால், வெயில் நேரத்தில் மீட்டர் பயன்படாது. பழைய எல்-398 வாங்கப் போகிறவர்கள் முள்ளைப் பார்ப்பதற்கு முன் தகட்டைக் கேளுங்கள். குமிழில் விரிசலோ மஞ்சள் நிறமோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இனி சோதனை. பழைய மீட்டரில் இரண்டு விதமான பிழைகள் இருக்கக்கூடும். எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டுவது ஒன்று. மங்கலில் சரியாகவும் பளிச்சென்ற வெளிச்சத்தில் குறைவாகவும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் காட்டுவது மற்றொன்று. முதல் பிழையோடு ஆயுள் முழுக்க நிம்மதியாக வாழலாம், ஐஎஸ்ஓ வளையத்தைச் சற்றுத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. இரண்டாம் பிழை இருக்கும் மீட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கடையில் ஒரே ஓர் இடத்தில், ஒரே வெளிச்சத்தில், இன்னொரு கேமராவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாம் பிழை கண்ணில் படவே படாது.

அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சிறிய விளக்கிலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. இரவில் மொட்டை மாடியில், தெருவிளக்கு படாத மூலையில், ஒயரில் தொங்கும் ஒரு எல்.இ.டி. பல்பை ஏற்றினேன். வீட்டுக்குள் செய்தால் வெள்ளைச் சுவர்களிலிருந்து திரும்பும் ஒளி கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால்தான் மாடி. தரையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, குமிழை எடுத்துவிட்டுத் தட்டை வட்டைப் பொருத்தி, பல்பை நேராகப் பார்க்கும்படி மீட்டரைப் பிடித்து, அரை மீட்டரிலும் ஒரு மீட்டரிலும் அளந்தேன். 40 காட்டிய முள் 10-க்கு வர வேண்டும், வந்தது. இன்னும் நெருங்கி, கால் மீட்டரில் 160-ஐ எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. அவ்வளவு அருகில் பல்பு ஒரு புள்ளியாக இல்லாமல் சற்றுப் பெரிய உருண்டையாகிவிடுவதால் அந்தச் சிறு விலகல் எதிர்பார்க்கத் தக்கதே. மங்கலிலிருந்து வெளிச்சம் வரை அளவுகோல் நேராக ஓடுகிறது என்பதை அறிந்தபோதே இதை வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

முள்ளையும் தனியாகச் சோதிக்க வேண்டும். செல்லை உள்ளங்கையால் முழுக்க மூடினால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அப்படி மூடியபடியே மீட்டரை நிமிர்த்தியும் சாய்த்தும் கவிழ்த்தும் பார்த்தால், முள்ளின் சமநிலை கெட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எங்கே சாய்த்தாலும் பூஜ்யத்திலேயே நின்றால் நல்ல முள். எல்லா நிலையிலும் ஒரே அளவு தள்ளி நின்றால் பின்புறத்துச் சிறு திருகால் சரிசெய்யலாம். நிலைக்கு நிலை மாறினால், கருவி எங்கோ கீழே விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மொத்த அளவு சரியா என்பதை நண்பருடைய சிலிக்கான் மீட்டரோடு ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெயிலிலும் வராந்தாவிலும் அறைக்குள்ளும் என்னுடையது மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவாகக் காட்டியது. செலினியம் வயதாக ஆகக் குறைத்தே காட்டும். குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பினால் படத்துக்கு ஒளி கூடிப்போகும் என்பதால் ஐஎஸ்ஓவை அதே மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றி வைக்க வேண்டும். 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டிருக்கும்போது என் மீட்டரின் சாளரத்தில் 500 நிற்கிறது. நெகட்டிவ் ஃபிலிமுக்கு இவ்வளவு நுணுக்கம் அவசியமில்லை என்பார்கள். அது உண்மைதான், ஆனால் தெரிந்த பிழையைத் திருத்தாமல் விடுவதற்கும் காரணம் எதுவும் இல்லை.

பயன்படுத்தும் முறை எளிது. படமாகப் போகிறவரின் முகத்தருகே மீட்டரைக் கொண்டுபோய், வெள்ளைக் குமிழ் கேமராவைப் பார்க்கும்படி பிடித்து, நடுப் பொத்தானை அழுத்தி விட்டால் முள் அந்த எண்ணில் பூட்டிக்கொள்ளும். தகடு போட்டிருந்தால் ‘எச்’ குறியையும், போடாவிட்டால் மற்றொரு குறியையும் அந்த எண்ணுக்கு நேராகத் திருப்பினால், எல்லா ஷட்டர் வேகங்களும் அவற்றுக்கு இணையான அப்பர்ச்சர்களும் வட்டமாக எதிரெதிரே வந்து நிற்கின்றன. ஒற்றை விடையைத் தராமல் வாய்ப்புகள் அனைத்தையும் ஒரே பார்வையில் காட்டும் இந்த வளையம் எனக்கு எண்ணியல் திரையைவிடப் பிடித்திருக்கிறது. எஃப் 4-இல் பின்னணியைக் கலைப்பதா, எஃப் 11-இல் தெரு முழுவதையும் தெளிவாக வைப்பதா என்ற யோசனை அந்த வளையத்தைப் பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறது.

அரைக்கோளக் குமிழ், அமெரிக்கரான டான் நார்வுட் 1940-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பிலிருந்து வந்தது. மனித முகம் தட்டையானதில்லை. முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் ஒளி படும். குமிழும் அவ்வாறே எல்லாப் பக்க ஒளியையும், கேமராவின் பார்வையில் அது எவ்வளவு பங்காற்றுமோ அவ்வளவுக்குச் சேர்த்து அளக்கிறது. இதன் அருமையை நான் உணர்ந்தது சித்திரை வெயிலில்தான். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் மறுபடி ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் வெயில் தரையிலும் தோளிலும் கொட்டுகிறது, கண்குழிகளுக்குள் போவதில்லை. ‘சன்னி 16’ விதியோ, சூரியன் படமெடுப்பவரின் முதுகுப் பக்கமாக இருந்து பொருளை முன்னால் ஒளியூட்டும் நிலையை மனத்தில் வைத்து உண்டானது. உச்சி வெயிலில் குமிழைக் கேமராவை நோக்கிப் பிடித்தால், மேலிருந்து வரும் ஒளியில் ஏறக்குறைய பாதியை மட்டும் அது கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டாப் அளவுக்குத் திறக்கச் சொல்கிறது. பனகல் பூங்கா வாசலில் பூ விற்கும் ஓர் அம்மாவை அவர் அனுமதியோடு அப்படி அளந்து, சன்னி 16 சொல்லும் எஃப் 16-ஐ விட்டு, ஒரு ஸ்டாப் பெரிய துளையான எஃப் 11-இல் எடுத்தேன். மல்லிகைச் சரங்கள் வெளுத்துப்போகாமலும், கண்கள் இருட்டுக்குள் மறையாமலும் படம் வந்தது.

கடற்கரையில் இதற்கு நேர்மாறான நிலை. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கரையிலிருந்து கடலை நோக்கி எடுக்கும் காலைப் படங்கள் எல்லாம் எதிர்வெளிச்சம்தான். நொச்சிக்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கடல் பின்னணியில் எடுக்கும்போது, அவர் அருகில் சென்று குமிழை நிலப்பக்கம் காட்டி அளந்தால், முகத்தின் மேல் விழும் நிழல் பக்க ஒளிக்கான எண் கிடைக்கிறது. அதை அப்படியே வைத்தால் வானம் முற்றிலும் வெளிறிவிடும். குமிழைச் சூரியனை நோக்கித் திருப்பி இன்னொரு முறை அளந்து, இரண்டுக்கும் நடுவில் வைப்பது பழைய ஒளிப்பதிவாளர்கள் கைக்கொண்ட வழி, அதையே நானும் பின்பற்றுகிறேன்.

அருகில் போக முடியாத பொருள்களுக்கு, அதன் மேல் விழும் அதே ஒளி நம் மேலும் விழுகிறதா என்று பார்த்தால் போதும். கோபுரம் வெயிலில் இருக்கிறது, நானும் வெயிலில் நிற்கிறேன் என்றால் இருந்த இடத்திலேயே அளக்கலாம். நான் மண்டப நிழலில் நின்றால் வெளியே நாலடி வந்து அளந்துவிட்டுத் திரும்ப வேண்டும். கடைப் பெயர்ப்பலகையின் விளக்கு, அந்தி வானம் போன்று தாமே ஒளிர்பவற்றுக்கு மட்டும் இந்த முறை செல்லாது.

என் பழக்கத்தில் உண்டான பெரிய மாற்றம், ஒவ்வொரு படத்துக்கும் அளப்பதை விட்டதுதான். ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என இரண்டே அளவுகள் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் இருக்கிறது. அதன்பின் ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தால் அப்பர்ச்சரை மூன்று ஸ்டாப் மாற்றுவது மட்டுமே என் வேலை. வானம் முழுக்க மூடிய ஐப்பசி நாள்களில் ஓர் அளவே ஒரு மணி நேரத்துக்குத் தாங்குகிறது.

செலினியத்துக்குப் பகை ஈரப்பதம். கடற்காற்றும் உப்பும் செல்லின் மின் இணைப்புகளை அரிக்கும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, இருட்டில் வைத்திருக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் பழைய வாணலி ஒன்றில் வறுத்து ஈரத்தைப் போக்கி மறுபடி இடுகிறேன். அந்த வாணலியில் சமைப்பதில்லை. பின்னால் வந்த எல்-398ஏ மாடலில் செலினியத்துக்குப் பதிலாக அமார்ஃபஸ் சிலிக்கான் செல் இருக்கிறது. விலை கட்டுப்படியாகுமானால் அதைத் தேடுவது நல்லது.

எல்-398 அளக்கக்கூடிய வெளிச்சத்தின் கீழ் எல்லை ஐஎஸ்ஓ 100-இல் ஈ.வி. 4 (ஈ.வி. என்பது வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் எண்). தெருவிளக்கொளியிலும் மார்கழி விடியலுக்கு முந்தைய கோல நேரத்திலும் முள் அளவுகோலின் தொடக்கத்திலேயே கிடக்கும், அதை நம்ப முடியாது. அந்த நேரங்களுக்காக நண்பரின் மீட்டரை ஒருமுறை இரவல் வாங்கி, நான் வழக்கமாக நிற்கும் இடங்களின் அளவுகளைக் குறித்து, யாஷிகாவின் தோல் உறைக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன்.